திரையைத் தேடும் கோபுரம்

காரைக்கால்மேட்டில் கோபுரம் எங்கே என்று கேட்டால் இப்போதெல்லாம் யாரும் கோயிலைக் கைகாட்டுவதில்லை. கடற்கரையில், வலை காயப்போடும் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் கடலோர எச்சரிக்கை ஆணையம் நட்டு வைத்த இரும்புக் கோபுரத்தைத்தான் காட்டுகிறார்கள். உச்சியில் நான்கு ஒலிபெருக்கிகள் நான்கு திசைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. அடியில் ஒரு சின்ன சிமெண்டு அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். புயல் வருகிறது, காற்று திரும்புகிறது என்று மேலிடத்திலிருந்து செய்தி வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் கோபுரத்தைக் கூவ வைக்கும். கூவினால் கரையிலும் கேட்கும், கடலுக்குப் போன படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளிலும் கேட்கும். இதற்கு ஆள் வேண்டாம், சோறு வேண்டாம், லீவு வேண்டாம் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள்.

திறப்பு விழாவுக்கு ஆணையர் நீலமேகமே வந்திருந்தார். சிமெண்டு அறையின் சுவரில் கதவகலத்துக்கு ஒரு திரை மாட்டியிருந்தது. அவர் ரிப்பனை வெட்டிப் பொத்தானை அமுக்கியதும் அந்தத் திரையில் பச்சை எழுத்தில் ‘மேட்டுக் கோபுரம் நன்றாக இயங்குகிறது’ என்று வந்தது. கோபுரம் கூவிற்று. நாய்கள் தெற்கே ஓடின. கைதட்டல் அடங்குவதற்குள், இனி இது எதற்கு என்று ஊரின் பழைய வயர்லெஸ் செட்டை, நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததை, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

பந்தல் பிரிக்கும்போதே திரையையும் கழற்றிவிட்டார்கள். உப்புக்காற்று பட்டால் கெட்டுப்போகுமாம். கடற்கரைக்கென்று வாங்கிய சாமானைக் கடற்கரையில் வைக்கக் கூடாது என்பது ஆணையம் கண்டுபிடித்த முதல் உண்மை. திரை காரைக்கால் டவுனுக்குப் போய், ஆணையர் அறையில் அவர் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் அதே பச்சை எழுத்தோடு ஏறிக்கொண்டது.

சில நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலையில் மீன் ஏலம் தொடங்கும் நேரத்துக்கு ஒத்திகையாகக் கோபுரம் ஒருமுறை கூவும். பிறகு ஒரு நாள் கரண்டு போனது. கரண்டு போனால் பாட்டரி வந்துவிடும். ஆனால் போனதற்கும் வந்ததற்கும் நடுவிலிருந்த ஒரு கணத்தில் கம்ப்யூட்டர் ஒருமுறை செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. செத்தது. பிழைக்கவில்லை. மறுநாள் ஏலத்துக்குக் கோபுரம் கூவவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஊர்ப் பஞ்சாயத்து கூடிற்று. ஆம்பிளைகள் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள், திரும்பி வந்து தூங்குகிறார்கள்; அவர்கள் தூங்கும் நேரத்தில்தான் ஆபீஸ் விழித்திருக்கிறது. அதனால் தினமும் டவுன் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகும் சந்திரலேகாவிடம் பொறுப்பை விட்டார்கள். மீனை விற்றுவிட்டு வரும்போது அப்படியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடு என்றார்கள், கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதைப் போல.

சந்திரலேகா மறுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் அவள் தம்பி போன படகு திரும்பவில்லை. காற்று திரும்பப் போகிறதென்று கரையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது படகில் வயர்லெஸ் பெட்டி கிடையாது; கடலில் இருந்தவனுக்கு மட்டும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஊர் மனு மேல் மனு போட்டு இந்தக் கோபுரத்தை வாங்கியது. இப்போது அவள் புருஷன் சிங்காரவேலன் அதே கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். ஐப்பசியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆணையத்தில் சுப்ராயன் என்றொரு அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். மீன் கூடையை வெளியே வைக்கச் சொன்னார். பிறகு விளக்கத் தொடங்கினார். விளக்குவதில் அவருக்கு அலாதிப் பிரியம்.

“கம்ப்யூட்டர் கண்ணு முழிச்சதும் மொதல்ல என்னம்மா செய்யும்? திரை இருக்கான்னு பாக்கும்.”

“இல்லன்னா?”

“இல்லன்னு சொல்லும். சொல்லிட்டு அப்படியே நின்னுடும். யாராச்சும் பாத்து சரி பண்ற வரைக்கும் நகராது.”

“எங்க சார் சொல்லும்?”

“திரையிலதான்.”

சந்திரலேகா அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் புகார் கொடுக்கும் முறைக்குப் போய்விட்டார். கோபுரம் ஓடவில்லை என்று வாயால் சொன்னால் செல்லாது. என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரே திரையில் எழுதிக் காட்டும். அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து இணைக்க வேண்டும்.

“இல்லாத டிவியில வர்ற எழுத்த நான் எப்படி சார் போட்டோ புடிக்கிறது?”

“டிவின்னு சொல்லாதம்மா, காட்சித்திரை. எப்படிப் புடிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா முறை அதுதான்.”

“இதுக்கு முன்னாடி யாராச்சும் அப்படிக் குடுத்திருக்காங்களா?”

“இதுவரைக்கும் புகாரே வந்ததில்லம்மா. அவ்வளவு நல்லா ஓடுது” என்றார் சுப்ராயன், நெஞ்சு நிறைந்த திருப்தியோடு.

அவள் விட்டுவிடுகிறவள் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டு டிவியைக் கழற்றிப் புருஷன் தலையில் ஏற்றிக் கோபுரத்தடிக்குக் கொண்டுபோனாள். அறைச் சாவி வாட்ச்மேன் கருப்பையனிடம் இருந்தது, ஊர்க்காரன்தான், திறந்துவிட்டான். கம்பியைச் செருகிக் கம்ப்யூட்டரை எழுப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டிவி கருப்பாகவே இருந்தது. மறுபடியும் டவுனுக்குப் போய்க் கேட்டபோது சுப்ராயனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கம்ப்யூட்டர் கம்பி வழியாகத் திரையின் பேரைக் கேட்கும் என்றார். ஆணையம் வாங்கிய திரையின் பேர் வந்தால்தான் திரை இருக்கிறதென்று ஒப்புக்கொள்ளும். மற்றதெல்லாம் அதன் கணக்கில் இல்லாததே.

“என் டிவி பேரு சொல்லலயா சார்?”

“சொல்லியிருக்கும். இதுக்குத் தெரிஞ்ச பேரா இருந்திருக்காது. சிபாரிசு இல்லாம வந்தா நானே ஒத்துக்க மாட்டேனே.”

அவள் ஏறி இறங்கியதில் ஆபீஸ் வாசலில் மீன் நாற்றம் நிரந்தரமாகிவிட்டது. அந்த நாற்றம் தாங்காமல்தான் ஆய்வுக்குழு அனுப்பினார்கள் என்று பியூன்கள் பேசிக்கொண்டார்கள். குழு ஜீப்பில் வந்தது. திரை இல்லை என்ற கோளாறைத் தங்கள் கண்ணாலேயே பார்ப்பதற்காக, ஆணையர் அறையிலிருந்த திரையையும் போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள்.

திரையை மாட்டினார்கள். கம்ப்யூட்டரை எழுப்பினார்கள். அது திரையைத் தேடியது, கண்டது, பேரைக் கேட்டது, மகிழ்ந்தது. பச்சை எழுத்து வந்தது. கோபுரம் ஊரே அதிரக் கூவிற்று. கரையோரமாக வலை விட்டுக்கொண்டிருந்த படகுகள் வயர்லெஸ்ஸில் அதைக் கேட்டு, பாதி வலையை அறுத்துப் போட்டுவிட்டு, அடித்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தன. சிங்காரவேலன் முட்டளவுத் தண்ணீரில் குதித்து, புயல் எங்கே என்று கேட்டான். ஆய்வு என்றார்கள்.

குழுத் தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: கோளாறு ஏதுமில்லை. திரை இருக்கிறது, கம்ப்யூட்டர் அதை ஒப்புக்கொள்கிறது, கோபுரம் கூவுகிறது. பிறகு திரையைக் கழற்றிப் போர்வையில் சுற்றத் தொடங்கினார்.

சந்திரலேகா குறுக்கே போய் நின்றாள். அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். அவர் பரிவோடு விளக்கினார். இது ஆய்வுக்குக் கொண்டுவந்த திரை, மாட்டுவதற்குக் கொண்டுவந்ததல்ல. மாட்ட வேண்டுமானால் கோளாறு இருக்க வேண்டும். கோளாறுதான் இல்லையே.

ஜீப் போன அன்று சாயங்காலமே கரண்டு போனது. கோபுரம் மறுபடியும் ஊமையாயிற்று. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று கருப்பையன் தலையில் அடித்துக்கொண்டான்.

இதற்கிடையில் ஆணையத்துக்கு இரக்கம் வந்துவிட்டது. மேட்டு மக்களின் மனக்குறையைப் போக்க ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். ஒரு நாள் லாரி வந்து, சிமெண்டு அறையின் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை மாட்டிவிட்டுப் போனது. பேனரில், அசல் அளவிலேயே, அந்தத் திரையின் படம். திரைக்குள் பச்சை எழுத்து. எழுத்துக்கு மேலே ஆணையர் நீலமேகம் கைகூப்பிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் அதை மதிக்கவில்லை. புது முகம், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் சுப்ராயன்.

ஐப்பசி பிறந்ததும் புயல் விழிப்புணர்வு முகாம் ஒன்றை அதே பேனருக்கு முன்னால் நடத்தினார்கள். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். ஆணையர் மைக்கைப் பிடித்தார். கூட்டத்திலிருந்து சந்திரலேகா எழுந்து, திரை இல்லாவிட்டால் ஏன் அது வேலை செய்ய மாட்டேன் என்கிறது, கூவுவதற்குத் தொண்டைதானே வேண்டும், கண்ணாடி எதற்கு என்று கேட்டாள். ஆணையருக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி என்றார்.

“சகோதரி, நான் சேவையில சேந்து இருபத்தஞ்சு வருஷமாச்சு. யாரும் பாக்காத நேரத்தில நான் ஒரு வேலையும் செஞ்சதில்லை. செஞ்சா அது யாருக்குத் தெரியும்? தெரியாத வேலைக்கும் செய்யாத வேலைக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஒழுக்கத்தைத்தான் இந்த மெஷினுக்கும் கத்துக் குடுத்திருக்கோம். மொதல்ல பாக்க ஆளிருக்கான்னு பாக்கும். இருந்தா வேலையத் தொடங்கும். இதவிடப் பொறுப்பான மெஷின நீங்க எங்கயும் பாக்க முடியாது.”

சுப்ராயன் கண் கலங்கிவிட்டார். தொப்பி போட்டவர்கள் கைதட்டினார்கள். சந்திரலேகா தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். இவர்களோடு இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அடுத்த வாரமே அது வந்தது. விடியுமுன் படகுகள் போகும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது. சந்திரலேகா மார்க்கெட்டில் முதல் நாள் மீனைப் பாதிகூட விற்றிருக்கவில்லை. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கடைத் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்தன. அப்போது போன் வந்தது. கருப்பையன்தான். மேட்டில் கரண்டு போய்விட்டது, கோபுரம் வாயே திறக்கவில்லை, கடல் கொந்தளிக்கிறது, படகு ஒன்றுகூட இன்னும் திரும்பவில்லை என்றான். கடலுக்குப் போனவர்கள் செல்போனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

சந்திரலேகா எழுந்தாள். பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த செல்லம்மாவையும் இன்னும் நாலு பெண்களையும் பார்த்தாள். எல்லோர் வீட்டு ஆளும் கடலில்தான் இருந்தான். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆணையத்தில் புயல் ஆயத்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடியது. மேசைமேல் முந்திரியும் டீயும் இருந்தன. பெண்கள் கூடையோடு உள்ளே நுழைந்ததும் ஆணையர் ஆச்சரியப்பட்டார்.

“சார், கோபுரம் கூவல. எங்க ஆளுங்க எல்லாம் கடல்ல இருக்காங்க” என்றாள் சந்திரலேகா.

ஆணையர் எதிர்ச்சுவரைக் கைகாட்டினார். திரையில் பச்சை எழுத்து இருந்தது. மேட்டுக் கோபுரம் நன்றாக இயங்குகிறது.

“பாத்தீங்களா? பதட்டப்படாதீங்க.”

“இது எப்ப வந்த சேதி சார்?”

ஆணையர் சுப்ராயனைப் பார்த்தார். ஆய்வுக்குழு போன அன்றைக்கு வந்தது என்றார் சுப்ராயன். அதற்குப் பிறகு கோபுரத்திலிருந்து வேறு செய்தியே வராததால், பழைய செய்தியே செல்லுபடியாகும்.

ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்தது. சந்திரலேகா கூடையை மேசைமேல் வைத்தாள், முந்திரித் தட்டுக்குப் பக்கத்தில். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். கொக்கியிலிருந்து திரையைத் தூக்கினாள். கீழே செல்லம்மா தாங்கிக்கொண்டாள். அறையில் பத்துப் பதினைந்து அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆயத்தக் கூட்டத்தில் இதற்கு யாரும் ஆயத்தமாகி வரவில்லை. ஆணையர் மட்டும், இது அரசு சொத்து, இப்படிச் செய்யக் கூடாது, இந்தச் சுவர் காலியாக இருந்தால் நான் எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஜன்னல் வழியா பாருங்க. அங்கதான் வருது” என்றாள் சந்திரலேகா.

வாசல்வரைக்கும் ஓடி வந்தவர் சுப்ராயன் ஒருவர்தான். தடுக்க வரவில்லை. ரிமோட்டை மறந்துவிட்டுப் போகிறீர்கள், அது இல்லாமல் சாமான் முழுமையாகாது என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மீன் மூடும் பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் போர்த்தி ஆட்டோவில் வைத்தார்கள். இரண்டு பேர் உள்ளே பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் இன்னொரு ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரன் எங்கே போக வேண்டும் என்று கேட்டதோடு சரி, வாடகை பேசவில்லை. அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தபின் எவனும் பேசியிருக்க மாட்டான்.

கருப்பையன் அறையைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். பேனரைக் கிழித்து எறிந்துவிட்டுத் திரையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். மாட்ட நேரமில்லை. பாட்டரியில் இணைத்துக் கம்பியைச் செருகினான். கம்ப்யூட்டர் எழுந்தது. திரை இருக்கிறதா என்று பார்த்தது. அது பார்த்து முடிக்குமுன் சந்திரலேகாவுக்குத் தம்பியின் முகம் வந்து போனது. பச்சை எழுத்து வந்தது. காலையிலிருந்து மேலிடத்துச் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உள்ளே நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன போலிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கோபுரம் கூவத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

முதல் படகு தெரிந்தபோது பெண்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொன்றாக வந்தன. சிங்காரவேலனின் படகு கடைசிக்கு முந்தியது. எல்லாப் படகும் வந்து சேர்ந்தது தெரிந்த பிறகுதான் சந்திரலேகா அழுதாள். நடுங்கிக்கொண்டு நின்ற புருஷனை, ஏன் இவ்வளவு தூரம் போனாய் என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் பேப்பரில் ஆணையத்தின் துரித நடவடிக்கையால் மீனவர்கள் காப்பாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆணையர் போட்டோவும் இருந்தது. அதற்கு மறுநாள் அவர் ஒரு போலீஸ்காரரையும் சுப்ராயனையும் கூட்டிக்கொண்டு திரையை எடுத்துப் போக மேட்டுக்கு வந்தார். கடல் அடங்கியிருந்தது. ஆம்பிளைகள் கடலுக்குப் புறப்படாமல் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஊரே கோபுரத்தடியில் கூடிவிட்டது.

ஆணையர் நிதானமாகப் பேசினார். திருட்டு வழக்குப் போட முடியும், ஆனால் போடவில்லை. புதுச்சேரியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருவார்கள். கோபுரம் ஓடுகிறது என்று அவர்களுக்குக் காட்ட ஒரு திரை வேண்டாமா? இங்கே இருந்தால் யார் வந்து பார்ப்பது? எல்லோரும் யோசிக்க வேண்டும் என்றார்.

சந்திரலேகா அவர் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, “எடுத்துக்குங்க சார், யாரும் தடுக்க மாட்டோம்” என்றாள். சிங்காரவேலன் அதிர்ந்து அவளைப் பார்த்தான்.

“ஆனா ஒண்ணு. இந்த டிவி டவுன்ல இருக்கற வரைக்கும் நீங்க எங்க வூட்டுக்காரரு போட்டுல இருக்கணும். வெள்ளன அவரோட போங்க, அவரோட வாங்க. கரண்டு எப்ப வேணா போவும். காத்து எப்ப வேணா திரும்பும். நடுக்கடல்ல ஒக்காந்துகிட்டு, கரையில டிவி வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றபடி நாங்க செய்யறோம்.”

போலீஸ்காரர் திடீரென்று அடிவானத்தை ஆராயத் தொடங்கினார். சிங்காரவேலனுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தான். கூட எழுந்தவர்கள் படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் ஆள் நின்று அதை ஆடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஆணையர் ஏற வசதியாக ஒருவன் குனிந்து தோள் கொடுத்தான்.

“ஏறுங்க சார்” என்றான் சிங்காரவேலன். அவன் குரலில் கேலியில்லை.

ஆணையர் தண்ணீர் ஓரம்வரை நடந்தார். ஓர் அலை வந்து பூட்ஸை நனைத்துவிட்டுப் போனது. அவர் படகைப் பார்த்தார். படகுக்கு அப்பால் கிடந்ததைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இருபத்தைந்து வருஷ சேவையில் கடலை அவர் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். பிறகு திரும்பி, திரை இங்கேயே இருக்கட்டும் என்றார் சுப்ராயனிடம்.

காரணம் என்ன என்று எழுதுவது என்று சுப்ராயன் கேட்டார்.

“கடல் இங்கதானய்யா இருக்கு. அதையே எழுது” என்று எரிந்து விழுந்துவிட்டு ஆணையர் ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

ஜீப் கிளம்பியதும் ஆம்பிளைகள் படகைக் கரைக்கு இழுக்கக் குனிந்தார்கள். சந்திரலேகா வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

“தண்ணியிலயே கெடக்கட்டும். சாருக்கு மனசு மாறுனா ஏறிக்கட்டும்.”